பெரிய மெகல்லன் மேகத்துல அடர்த்தியான தூசி மேகங்களைத் தேடறது எப்படி? லேப்டாப்லயே செய்ய ஒரு முழு வழிகாட்டி

நம்ம பக்கத்து குட்டி கேலக்ஸியான பெரிய மெகல்லன் மேகத்துல நட்சத்திரம் எங்க பொறக்கப்போகுதுன்னு தெரியணும்னா, குளிர்ந்துபோய் தூசி அடைஞ்சு கெட்டியா கெடக்கற வாயு மேகத்தைத்தான் தேடணும். இதுக்கு வேண்டிய டேட்டா எல்லாமே இப்போ ஆர்க்கைவ்ல இலவசமா கெடைக்குது, சுமாரான லேப்டாப்பும் கொஞ்சம் பைத்தானும் இருந்தா உக்காந்து செஞ்சிடலாம். ஆனா ஒண்ணை முதல்லயே சொல்லிடறேன், இன்ஃப்ராரெட் மேப்ல பளிச்னு தெரியறதை எல்லாம் அடர்த்தியான மேகம்னு வட்டம் போட்டுட்டே வந்தா லிஸ்ட் நீளமா வரும், தேறுறது கம்மியா இருக்கும். தூசி பளிச்னு தெரிய ரெண்டு காரணம் இருக்கு, நெறைய இருக்கலாம், இல்லாட்டி சூடா இருக்கலாம். ஒரு கிலோ கரி கொழுந்துவிட்டு எரியறது ஒரு மூட்டை கரி கங்கா கெடக்கறதை விட கண்ணுக்கு நல்லாத் தெரியும்ல, அதே கதைதான். கீழ சொல்லப்போற ஸ்டெப்ல பெரும்பாலும் இந்த ரெண்டையும் பிரிக்கற வேலைதான்.

ஏன் பெரிய மெகல்லன் மேகம்?

சுருக்கமா எல்எம்சின்னே சொல்றேன். தூரம் சுமார் 1,63,000 ஒளியாண்டு, அதாவது 50 கிலோபார்செக் (ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டு, கிலோன்னா ஆயிரம்), இதை 2019ல கிரகண இரட்டை நட்சத்திரங்களை வெச்சு 1% துல்லியத்துக்கு அளந்துட்டாங்க. நம்ம பால்வீதிக்குள்ள தேடினா ஒரே திசையில முன்னாடி ஒரு மேகம் பின்னாடி ஒரு மேகம்னு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கும், எது எவ்வளவு தூரம்னு பிரிக்கறதே தனித் தலைவலி. எல்எம்சில அந்தத் தொல்லை கெடையாது, எல்லா மேகமும் ஏறக்குறைய ஒரே தூரம், கேலக்ஸியும் தட்டை சாய்ச்சு காட்டற மாதிரி நம்ம பக்கம் திரும்பி இருக்கு. இன்னொரு விஷயம், அங்க கார்பன், ஆக்சிஜன் மாதிரி கனமான தனிமங்கள் சூரியன்ல இருக்கறதுல பாதிதான், அதனால தூசியும் கம்மி. பக்கத்துலயே இருக்கற சின்ன மெகல்லன் மேகத்துல அஞ்சுல ஒரு பங்குதான். கனமான தனிமம் கம்மியா இருந்த பழைய கால பிரபஞ்சத்துல நட்சத்திரம் எப்படி உருவாச்சுன்னு யோசிக்கறவங்க இந்த ரெண்டையும் விடாம பிடிச்சு வெச்சிருக்கறதுக்கு இதுதான் காரணம்.

(கன்னியாகுமரில இருந்து டிசம்பர், ஜனவரி ராத்திரில தெற்கே பார்த்தா அடிவானத்துக்கு மேல சுமார் 12 டிகிரி வரைக்கும் எல்எம்சி ஏறும். கடல் பக்கம் மூடாக்கு இல்லாம இருந்தா மங்கலான திட்டா தெரிய வாய்ப்பிருக்கு. ஆனா நாம தேடற மேகம் எதுவும் கண்ணுக்கு மாட்டாது, அது வேற அலைநீளம்.)

பேரைப் பத்தியும் ஒரு வார்த்தை. என்159, என்44, என்113னு அடிக்கடி வரும். அந்த "என்" எல்லாம் கார்ல் ஹெனைஸ் 1956ல போட்ட கேட்டலாக்ல இருந்து வந்தது. அந்த மனுஷன் பின்னாடி நாசா விண்வெளி வீரராகி 1985ல சேலஞ்சர்ல பறந்துட்டும் வந்தார்.

ஸ்டெப் 1: டேட்டா எடுக்கறது

முதுகெலும்பு ஹெர்ஷல் டெலஸ்கோப்போட டேட்டாதான். 3.5 மீட்டர் கண்ணாடி, 2009 மே 14ல ஏவினாங்க, குளிரூட்டற ஹீலியம் 2013 ஏப்ரல்ல தீர்ந்துபோய் நின்னுடுச்சு. அதுல ஹெரிடேஜ்னு ஒரு ப்ராஜெக்ட், மார்கரெட் மைக்ஸ்னர் தலைமையில ரெண்டு மெகல்லன் மேகத்தையும் முழுசா 100, 160, 250, 350, 500 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) அலைநீளத்துல மேப் பண்ணாங்க. அஞ்சு ஃபிட்ஸ் ஃபைல் (வானியல் படங்களுக்கான ஃபைல் வகை), கால்டெக்ல இருக்கற இர்சா ஆர்க்கைவ்லயோ ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தோட ஹெர்ஷல் ஆர்க்கைவ்லயோ கெடைக்கும். கூடவே ஸ்பிட்ஸர் விண்வெளி டெலஸ்கோப்போட சேஜ் சர்வேல இருந்து 24 மைக்ரான் மேப் ஒண்ணு எடுத்து வெச்சுக்கோங்க, கடைசில தேவைப்படும்.

வாயுவுக்கு ரெண்டு. ஹைட்ரஜன் அணுவோட 21 செமீ மேப், இது ஆஸ்திரேலியாவோட காம்பாக்ட் அரேவும் பார்க்ஸ் டிஷ்ஷும் சேர்ந்து எடுத்தது, 1 ஆர்க்மினிட் (ஒரு டிகிரில 60ல ஒரு பங்கு) ரெசல்யூஷன். அப்புறம் கார்பன் மோனாக்சைடு, அதாவது சிஓ. ஜப்பானோட நகோயா பல்கலைக்கழகம் சிலில வெச்சிருந்த 4 மீட்டர் நான்டென் டெலஸ்கோப் எல்எம்சில 272 மூலக்கூறு மேகத்தைக் கணக்கெடுத்தது, அது சுமார் 40 பார்செக் ரெசல்யூஷன். அதுக்கப்புறம் 22 மீட்டர் மோப்ரா டிஷ்ல மேக்மான்னு ஒரு சர்வே, 45 ஆர்க்செகண்ட் (ஒரு ஆர்க்செகண்ட்னா ஆர்க்மினிட்ல 60ல ஒரு பங்கு), அதாவது 11 பார்செக். நமக்கு மேக்மாதான் வசதி.

மொத்த கேலக்ஸியையும் ஒரே மூச்சுல ஆரம்பிக்க வேணாம். டாரண்டுலா நெபுலாவும் (30 டொராடஸ்) அதுக்குத் தெற்கே சுமார் 40 ஆர்க்மினிட் தள்ளி இருக்கற என்159ம் உள்ள வர்ற மாதிரி ஒன்றரை டிகிரி சதுரம் வெட்டிக்கோங்க. ஏன் இந்த இடம்னா இங்க சூடான பளபளப்பும் இருக்கு, குளிர்ந்த கெட்டி மேகமும் இருக்கு, ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல. நம்ம முறை சரியா வேலை செய்யுதான்னு இங்கயே தெரிஞ்சிடும்.

பைத்தான்ல எதையும் ஓட்டறதுக்கு முன்னாடி டிஎஸ்9ங்கற படம் பார்க்கற சாஃப்ட்வேர்ல 100 மைக்ரானையும் 350 மைக்ரானையும் ரெண்டு ஃப்ரேம்ல போட்டு மாத்தி மாத்தி பாருங்க. 100ல 30 டொராடஸ்தான் ராஜா, அதைத் தாண்டி எதையும் பார்க்க விடாது. அப்படியே என்159க்குக் கீழ கண்ணை ஓட்டினா என்159 தெற்குன்னு ஒரு பகுதி, 100ல சப்பையா இருக்கறது 350க்கு வந்தா எழுந்து நிக்கும். அங்க சிஓ பலமா இருக்கு, பெரிய நட்சத்திரம்னு பெருசா எதுவும் இல்ல. நாம தேடற சரக்கு இந்த மாதிரிதான்.

ஸ்டெப் 2: அஞ்சு மேப்பையும் ஒரே கண்ணாடிக்குக் கொண்டு வர்றது

பீம்னா டெலஸ்கோப்பால பிரிச்சுப் பார்க்க முடியற சின்ன திட்டோட அளவு. 250ல பீம் 18 ஆர்க்செகண்ட், 350ல 25, 500ல 36. எல்எம்சி தூரத்துல 36 ஆர்க்செகண்ட்னா கிட்டத்தட்ட 9 பார்செக். கூர்மையான மேப்பையும் மங்கலான மேப்பையும் அப்படியே பிக்சலுக்கு பிக்சல் ஒப்பிட்டா வர்ற வெப்பநிலை எல்லாம் குப்பை, மேகத்தோட நடுவுல சூடு, ஓரத்துல குளிர்னு இல்லாத ஒரு வளையம் தெரியும். அதனால எல்லாத்தையும் 500 மைக்ரான் பீமுக்கு மங்க வைங்க. வெறும் காஸியன் (மணி வடிவ வளைவு) போட்டா ஓரளவு சரி, ஆனா ஹெர்ஷலோட பீம் சுத்தமான காஸியன் கெடையாது, அனியானோ குழு ரெடி பண்ணி வெச்சிருக்கற கன்வல்யூஷன் கெர்னல் (மேப்பை மங்க வைக்கற அச்சு) இருக்கு, அதை எடுத்துப் போட்டுக்கோங்க. அப்புறம் ரீப்ராஜெக்ட்ங்கற பைத்தான் பேக்கேஜ் வெச்சு ஒரே பிக்சல் கிரிட், 12 ஆர்க்செகண்ட் பிக்சல் போதும்.

யூனிட்டை ஹெடர்ல பார்க்காம மேல போகாதீங்க. ஒரு ஃபைல்ல ஒரு பிக்சலுக்கு ஜான்ஸ்கி (ரேடியோ, இன்ஃப்ராரெட் வெளிச்சத்தோட அலகு), இன்னொண்ணுல ஒரு பீமுக்கு ஜான்ஸ்கி, வேற ஒண்ணுல ஸ்டெரேடியனுக்கு மெகாஜான்ஸ்கின்னு கலந்துகட்டி வரும். எல்லாத்தையும் கடைசியா சொன்ன யூனிட்டுக்கு மாத்திக்கோங்க, அதுக்கப்புறம்தான் ரீப்ராஜெக்ட்.

ஸ்டெப் 3: முன்னாடி இருக்கற நம்ம பால்வீதி தூசியைக் கழிக்கறது

எல்எம்சியைப் பார்க்கற வழியில நம்ம பால்வீதியோட மெல்லிய தூசித் திரையும் குறுக்க நிக்குது. நல்லவேளையா ஹைட்ரஜன் மேப்ல ரெண்டையும் வேகத்தை வெச்சுப் பிரிக்கலாம், நம்ம ஊர் வாயு நொடிக்கு 0 கிமீ பக்கம், எல்எம்சி வாயு நொடிக்கு 200லருந்து 300 கிமீக்குள்ள. பால்வீதி ஹைட்ரஜனை தூசியா மாத்தி, ஒவ்வொரு பேண்ட்லயும் எவ்வளவு வெளிச்சம் தரும்னு கணக்குப் போட்டு கழிச்சுடுங்க. மிச்சத்துக்கு கேலக்ஸிக்கு வெளியே வெத்து வானமா இருக்கற இடத்துல மீடியன் எடுத்து கழிங்க. அடர்த்தியான மேகத்துக்கு இது பெருசா வித்தியாசம் காட்டாது, மங்கலான ஓரங்களுக்குத்தான் உயிர்.

ஸ்டெப் 4: வெப்பநிலையையும் நிறையையும் பிரிக்கறது

இதுதான் முக்கியமான ஸ்டெப், இதுல அவசரப்படாதீங்க. ஒவ்வொரு பிக்சல்லயும் 100லருந்து 350 வரைக்கும் நாலு புள்ளி இருக்கு, அதுமேல திருத்தின கரும்பொருள் வளைவு (ஒரு வெப்பநிலைல இருக்கற பொருள் எந்த அலைநீளத்துல எவ்வளவு ஒளிரும்ங்கற வளைவு) ஒண்ணைப் பொருத்தணும். தெரியாதது மூணு: வெப்பநிலை, தூசி நிறை, பீட்டா. பீட்டாங்கறது அலைநீளம் கூடக் கூட தூசியோட உமிழ்வு எவ்வளவு வேகமா விழுதுங்கற எண். இதை வெப்பநிலையோட சேர்த்து அவுத்து விட்டீங்கன்னா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இழுக்கும், நாய்ஸ் கொஞ்சம் கூடினாலே வெப்பநிலை ஏறினா பீட்டா இறங்கும், இயற்கையில இல்லாத ஒரு உறவு கிராஃப்ல அழகா தெரியும். என்னைக் கேட்டா பீட்டாவை 1.7ல கட்டிப் போட்டுட்டு வெப்பநிலையையும் நிறையையும் மட்டும் தேடுங்க.

500 மைக்ரானை ஏன் விட்டேன்னா, மெகல்லன் மேகம் ரெண்டுலயும் 500ல எதிர்பார்க்கறதை விட வெளிச்சம் கூடுதலா வருது, சப்மில்லிமீட்டர் எக்ஸஸ்னு சொல்வாங்க. அதை ஃபிட்ல சேர்த்தா இல்லாத குளிர் தூசி நெறைய இருக்கற மாதிரி கணக்கு வரும். ஃபிட் முடிச்சப்புறம் 500 எவ்வளவு விலகி நிக்குதுன்னு மட்டும் பார்த்து குறிச்சுக்கோங்க.

இப்போ ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 350 மைக்ரான்ல 1 ஜான்ஸ்கி வெளிச்சம் தர்ற ஒரு மேகம், தூரம் 50 கிலோபார்செக். ஒரு கிராம் தூசிக்கு 350 மைக்ரான்ல 1.9 சதுர செமீன்னு உறிஞ்சு திறன் எடுத்துக்கலாம். வெப்பநிலை 20 கெல்வின்னு வந்தா தூசி மட்டும் சூரியனைப் போல 46 மடங்கு. அதே வெளிச்சத்துக்கு 30 கெல்வின்னு வந்தா 20 மடங்குதான். பத்து டிகிரி வித்தியாசத்துல நிறை பாதிக்கும் கீழ போயிடுச்சு பாருங்க, வெறும் வெளிச்சத்தை வெச்சு வரிசைப்படுத்தறதுல அர்த்தமே இல்லைன்னு நான் சொல்றது இதனாலதான்.

தூசியிலிருந்து வாயுவுக்குப் போக ஒரு விகிதம் வேணும். நம்ம பால்வீதிக்கு 100லருந்து 150ன்னு போடுவாங்க, அதை அப்படியே எல்எம்சிக்கு காப்பி அடிக்கக் கூடாது. ஹெரிடேஜ் டேட்டாவை வெச்சே எல்எம்சிக்கு சுமார் 380, சின்ன மெகல்லன் மேகத்துக்கு சுமார் 1,200ன்னு 2014ல கணக்கு வந்துச்சு, ரெண்டுலயும் பிழை எல்லை பெருசு. 380ஐப் போட்டா நம்ம 20 கெல்வின் மேகம் சுமார் 17,500 சூரிய நிறை. 100ஐப் போட்டிருந்தா 4,600.

ஒரு எச்சரிக்கை. ஒரு பிக்சலுக்குள்ள மேகத்தோட சூடான தோலும் இருக்கும், குளிர்ந்த வயிறும் இருக்கும். சூடான தூசி அதிகமா கத்தும், அதனால ஃபிட் சொல்ற வெப்பநிலை எப்பவும் தோல் பக்கம் சாய்ஞ்சுதான் வரும். கெட்டியான மேகத்துக்கு நீங்க எடுத்த நிறை பெரும்பாலும் கம்மிதான்.

ஸ்டெப் 5: மேகத்தை வெட்டி எடுக்கறது

இப்போ கையில வெளிச்ச மேப் இல்ல, நிறை மேப் இருக்கு. அதுல ஒரு அளவுக்கு மேல இருக்கறதெல்லாம் மேகம்னு ஒரே கோடு போட்டா, நெரிசலான இடத்துல பத்து மேகம் ஒட்டி ஒரே பூதமா வரும், தனியா இருக்கற குட்டி மேகம் கோட்டுக்குக் கீழ போய் காணாம போயிடும். டெண்ட்ரோகிராம் முறை இதுக்குத் தேவலை, மேப்பை மரம் மாதிரி கிளை இலைன்னு பிரிச்சுத் தரும், ஆஸ்ட்ரோடெண்ட்ரோன்னு பைத்தான் பேக்கேஜ் இருக்கு. மூணு நம்பர் கேக்கும். அடிமட்டம், நாய்ஸைப் போல 5 மடங்கு வைங்க. ஒரு இலை பக்கத்துல இருக்கறதை விட எவ்வளவு உசரமா நிக்கணும், 3 மடங்கு. கடைசியா ஒரு இலைக்கு குறைஞ்சது எத்தனை பிக்சல், ஒரு பீம் பரப்புக்குள்ள வர்ற பிக்சலுக்குக் கீழ போகாதீங்க, போனா நாய்ஸையே மேகம்னு எண்ணுவீங்க. இந்த மூணையும் கொஞ்சம் முன்னப்பின்ன மாத்தி மறுபடி ஓட்டுங்க, எந்த மேகம் ஒவ்வொரு தடவையும் நிக்குதோ அதுதான் நம்பகமானது.

எவ்வளவு அடர்த்தின்னும் பார்த்துடலாம். நம்ம 17,500 சூரிய நிறை 25 ஆர்க்செகண்ட் பீமுக்குள்ள, அதாவது 6 பார்செக் குறுக்களவுள்ள உருண்டைக்குள்ள இருக்குன்னு வெச்சா, ஒரு கன செமீக்கு சராசரியா 2,000 ஹைட்ரஜன் மூலக்கூறு. நட்சத்திரம் உருவாகற கரு பகுதில 10,000க்கு மேல எதிர்பார்ப்போம். அதாவது ஹெர்ஷல்ல "அடர்த்தி"ன்னு சொல்றது உள்ள ஏதோ கெட்டியா இருக்கலாம்னு ஒரு துப்பு மட்டும்தான், முடிவு கெடையாது.

ஸ்டெப் 6: போலிகளைக் களைஞ்செடுக்கறது

முதல் போலி தூரத்து கேலக்ஸி. தூசி நெறைஞ்ச ஒரு கேலக்ஸி பல நூறு கோடி ஒளியாண்டு தள்ளி இருந்தா, அதோட 100 மைக்ரான் வெளிச்சம் விண்வெளி விரிவால இழுபட்டு 300 மைக்ரான் பக்கம் வந்து சேரும், நம்ம ஃபிட் அதை ரொம்ப குளிர்ந்த மேகம்னு நம்பிடும். 500 மைக்ரான்ல 100 மில்லிஜான்ஸ்கிக்கு மேல இப்படிப்பட்டது அபூர்வம், அதுக்குக் கீழ போகப் போக கூட்டம் சேரும். அடையாளம் கண்டுபிடிக்கறது கஷ்டமில்ல: சுத்தமான புள்ளியா இருக்கும், சுத்தி நார் மாதிரி எதுவும் ஒட்டிக்கிட்டு இருக்காது, அந்த இடத்துல ஹைட்ரஜன் மேப்லயும் சிஓலயும் ஒண்ணுமே இருக்காது. ஹெரிடேஜ் கேட்டலாக்ல எல்எம்சிக்கு மட்டும் 35,000க்கு மேல புள்ளிகள் இருக்கு, அதுல பின்னணி கேலக்ஸியும் கலந்துதான் கெடக்கு, அதனால கேட்டலாக்ல பேர் இருக்குங்கறதே சான்று ஆகாது.

இன்னொரு போலி, சூடான எச்-2 பகுதியோட (பெரிய நட்சத்திரத்தோட கதிரால அயனியான ஹைட்ரஜன் வாயு, ஹைட்ரஜன் மூலக்கூறு இல்ல) தூசி ஓடு. 35, 40 கெல்வின்னு வந்து நிறை சொற்பமா வந்தா தனி லிஸ்ட்ல ஒதுக்கி வைங்க.

ஸ்டெப் 7: வாயு நிஜமாவே இருக்கான்னு சிஓல கேக்கறது

சிஓவோட முதல் ஸ்பெக்ட்ரம் கோடு 115.271 கிகாஹெர்ட்ஸ். என்159 பக்கம் வாயு நொடிக்கு 235லருந்து 240 கிமீ வேகத்துல நம்மளை விட்டு விலகுது, அதனால கோடு 115.18 கிகாஹெர்ட்ஸ் பக்கம் வந்து விழும். மேக்மா கியூப்ல (வானத்து இடத்தோட வேகமும் சேர்ந்த முப்பரிமாண டேட்டா) ஏற்கனவே வேகமா மாத்தித் தந்திருப்பாங்க, வேற டேட்டா எடுத்தா இதை நீங்களே பார்த்துக்கணும். மேகத்தோட இடத்துல ஸ்பெக்ட்ரம் எடுத்து, எல்எம்சி வேகத்துல ஒத்தை முகடு இருந்தா நல்ல சகுனம், ரெண்டு முகடு இருந்தா அது ஒரு மேகமே இல்ல.

கோட்டோட அகலத்தை வெச்சு இன்னொரு சோதனை. ஆரம் பார்செக்ல, வேகச் சிதறல் நொடிக்கு கிமீல, சிதறலை வர்க்கப்படுத்தி ஆரத்தால பெருக்கி 1,040 ஆல பெருக்கினா விரியல் நிறை, அதாவது அந்த வேகத்துல அலையற வாயுவைச் சிதறாம ஈர்ப்பு பிடிச்சு வைக்க வேண்டிய நிறை. ஆரம் 3 பார்செக், கோட்டு அகலம் நொடிக்கு 4 கிமீன்னா சிதறல் (அகலத்தை 2.35ஆல வகுத்தா) 1.7, நிறை சுமார் 9,000. தூசில வந்தது 17,500, அப்போ ஈர்ப்பு கைய ஓங்குது, மேகம் கட்டுக்கோப்பா நிக்கும். அகலம் 8 கிமீன்னு வந்திருந்தா 36,000, அது கலைஞ்சு போற மேகமாவோ ரெண்டு மூணு மேகம் கலந்ததாவோ இருக்கும். ஆனா மேக்மா பீமே 11 பார்செக், 3 பார்செக் ஆரத்துக்கு இந்த சோதனை செய்ய அடுத்த ஸ்டெப்ல வர்ற ஆல்மா ரேடியோ டெலஸ்கோப்போட டேட்டாதான் சரி.

சிஓ தெரியலைன்னா மேகத்தை உடனே தூக்கிப் போட்டுடாதீங்க. தூசி கம்மியான கேலக்ஸில புற ஊதாக் கதிர் மேகத்துக்குள்ள ஆழமா புகுந்து சிஓவை உடைச்சுடும். ஹைட்ரஜன் மூலக்கூறு அதிகமா இருக்கறதால தன்னைத்தானே மறைச்சுத் தப்பிச்சுக்கும். அதனால ஹைட்ரஜன் மூலக்கூறு இருந்தும் சிஓ இல்லாத பகுதி நெறைய இருக்கு, தூசியை வெச்சு தேடறதோட பெரிய லாபமே அதுதான். சிஓ பிரகாசத்தை நிறையா மாத்தும்போதும் பால்வீதி எண்ணைப் போடாதீங்க, எல்எம்சிக்கு அதோட ரெண்டு மடங்கு பக்கம் போடறது வழக்கம்.

ஸ்டெப் 8: ஆல்மால உள்ள நுழைஞ்சு பார்க்கறது

சிலில 5,000 மீட்டர் உசரத்துல 66 ஆன்டெனா. எல்எம்சில 1 ஆர்க்செகண்ட்னா 0.24 பார்செக், ஹெர்ஷல்ல ஒத்தை திட்டா இருந்தது இங்க நார் நாரா பிரியும். 2015ல என்159 மேற்குல ரெண்டு நார் சந்திக்கற இடத்துல கனமான இளம் நட்சத்திரத்தைப் பார்த்தாங்க, பால்வீதிக்கு வெளியே இளம் நட்சத்திரத்துல இருந்து மூலக்கூறு வாயு பீச்சியடிக்கறதை முதல்ல கண்டதும் அங்கதான். ஆர்க்கைவ்ல உங்க மேகத்தோட இடத்தைப் போட்டுத் தேடுங்க, பொதுவா ஒரு வருஷம் கழிச்சு டேட்டா எல்லாருக்கும் திறந்துடும். கியூபைப் பார்க்க கார்ட்டா சாஃப்ட்வேர் நல்லா இருக்கு.

இங்க கவனிக்க மூணு விஷயம். ப்ரைமரி பீம் கரெக்ஷன் (ஓரத்துல ஆன்டெனாவோட உணர்திறன் குறையறதை ஈடுகட்டற திருத்தம்) போட்ட மேப்ல ஓரத்துல நாய்ஸ் ஊதிப் பெருத்திருக்கும், அதனால மேகத்தைத் தேடறது கரெக்ஷன் இல்லாத மேப்ல, வெளிச்சத்தை அளக்கறது கரெக்ஷன் போட்ட மேப்ல. ரெண்டாவது, பெரிய ஆன்டெனா மட்டும் வெச்சு எடுத்த டேட்டால பரந்து விரிஞ்ச வாயு காணாம போயிடும், 7 மீட்டர் அரேயும் (சின்ன ஆன்டெனாக் கூட்டம்) டோட்டல் பவரும் (ஆன்டெனாவைத் தனித்தனியா வெச்சு எடுத்த டேட்டா) சேர்த்திருக்கான்னு பாருங்க, இல்லாட்டி நிறை குறைவா வரும். மூணாவது, 3 மில்லிமீட்டர் கண்டினியுவம் (கோடா இல்லாம தொடர்ச்சியா வர்ற வெளிச்சம்) தெரிஞ்ச உடனே தூசின்னு நம்பிடாதீங்க, 30 டொராடஸ் மாதிரி இடத்துல அது பெரும்பாலும் அயனியான வாயுவோட ஃப்ரீ-ஃப்ரீ வெளிச்சம். 1.3 மில்லிமீட்டரோட ஒப்பிடுங்க, அதிர்வெண் கூடும்போது சடசடன்னு ஏறினா தூசி, ஏறாம தட்டையா இருந்தா ஃப்ரீ-ஃப்ரீ.

உண்மையான அடர்த்திக்கு, கெட்டியான வாயுவைக் காட்டிக்கொடுக்கற மூலக்கூறுகளான எச்சிஓ பிளஸ் (89.19 கிகாஹெர்ட்ஸ்), எச்சிஎன் (88.63) கோடு ரெண்டும் பாருங்க. பால்வீதில பழகினவங்க எச்சிஎன்னைத்தான் முதல்ல தேடுவாங்க, எல்எம்சில நைட்ரஜன் பஞ்சம், அதனால எச்சிஓ பிளஸ்தான் பலமா வரும்.

ஸ்டெப் 9: நட்சத்திரம் பொறந்தாச்சா?

எடுத்து வெச்ச 24 மைக்ரான் மேப் இப்போ வெளிய வரட்டும். மேகத்து மேல பளிச்னு புள்ளி இருந்தா உள்ள இளம் நட்சத்திரம் வேலையை ஆரம்பிச்சாச்சு. நான்டென் குழு தன் மேகங்களை மூணா பிரிச்சது, பெரிய நட்சத்திரம் இல்லாதது, எச்-2 பகுதி மட்டும் உள்ளது, இளம் நட்சத்திரக் கொத்தும் உள்ளது. எந்த வகைல எத்தனை மேகம் இருக்குங்கற விகிதத்தை வெச்சு ஒவ்வொரு கட்டமும் முறையே சுமார் 60 லட்சம், 1 கோடியே 30 லட்சம், 70 லட்சம் வருஷம்னு கணக்கிட்டாங்க. உங்க லிஸ்ட்டையும் இதே மாதிரி பிரிச்சுடுங்க, முதல் வகைல மாட்டறதுதான் சுவாரசியமான மேகம்.

கடைசி டேபிள்ல நிறையை மட்டும் எழுதி விட்டுடாதீங்க, எந்த பீம், எந்த பீட்டா, எந்த வாயு-தூசி விகிதம், எந்த உறிஞ்சு திறன்னு பக்கத்துலயே எழுதி வைங்க, வேற யாராவது 380ஐ மாத்தி 300ன்னு போட்டா நிறையை அவங்களே திருப்பி எடுத்துக்கலாம். இதே வேலையை சின்ன மெகல்லன் மேகத்துல செய்யப் போறீங்கன்னா தூரம் சுமார் 62 கிலோபார்செக், விகிதம் 1,200 பக்கம், சிஓ பல இடத்துல கண்லயே படாது, அந்தக் கேலக்ஸி நம்ம பார்வைத் திசையில நீண்டு கெடக்கறதால எல்லா மேகமும் ஒரே தூரம்ங்கற வசதியும் அங்க கெடையாது.